காயம் ஓய்வில் ஆறும், தள்ளாட்டம் நடையில் ஆறும்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து முதன்முதலாகப் பலநாள் படகில் போகும் இளைஞனின் கதை திருகோணமலையில் பலருக்கும் தெரிந்ததுதான். முதல் நாள் வாந்தியும் தலைச்சுற்றுமாகச் சுருண்டு கிடப்பான். அனுபவசாலிகள் அவனை உள்ளே படுக்க விடுவதில்லை. மேலே வா, தூரத்துக் கடலைப் பார், கையில் ஒரு வேலையை எடு என்பார்கள். மூன்று நாலு நாளில் அவன் ஆடும் தளத்தில் கால் ஊன்றி நிற்பான். கடல் அடங்கிவிடவில்லை. அவனுடைய மூளை அந்த ஆட்டத்தைப் படித்துக்கொண்டது.

செவி நரம்புக் கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புபவர் படிக்க வேண்டிய பாடமும் இதுவே. எப்போது வேலைக்குப் போகலாம், எப்போது சைக்கிள் ஓடலாம், கடலில் இறங்கலாமா என்று அவரும் வீட்டாரும் கேட்கும் கேள்விகளுக்கு, இந்தத் துறைமுக ஊரின் தொழில்களையும் தெருக்களையும் வைத்தே விடை சொல்லிப் பார்ப்போம்.

என்ன கட்டி இது?

அக்கூஸ்டிக் நியூரோமா என்பது பழகிய பெயர். மருத்துவர்கள் இன்று வெஸ்டிபுலர் ஸ்வானோமா என்பார்கள். இது புற்றுநோய் இல்லை. உட்காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பில், உடம்பின் சமநிலையைச் சொல்லும் கிளையின் உறையில் முளைப்பது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீற்றர் வளரும். சில கட்டிகள் வளராமலே நின்றுவிடும். ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைவது, அதே காதில் ஓயாத இரைச்சல், நடையில் சிறு சறுக்கல் என்பவை வழக்கமான அறிகுறிகள். எம்ஆர்ஐ ஸ்கேன் காட்டிக் கொடுத்துவிடும். சிறிய கட்டியை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் கதிர்வீச்சால் அடக்குவதும் உண்டு. பெரிதாகி மூளைத்தண்டை நெருக்கினால் கத்திதான் வழி.

அமெரிக்க அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் இந்தக் கட்டியைப் பற்றி 1917இல் ஒரு முழு நூலே எழுதினார். அந்தக் காலத்தில் நோயாளி மேசையிலிருந்து உயிரோடு எழுவாரா என்பதே பெரிய கேள்வி. 1960களில் லாஸ் ஏஞ்சலிஸ் காது மருத்துவர் வில்லியம் ஹவுஸ் அறுவை நுண்ணோக்கியோடு காதின் பின்னெலும்பு வழியாகக் கட்டியை அணுகிக் காட்டிய பிறகு நிலைமை மாறியது. உயிரைப் பற்றிக் கேட்ட இடத்தில் இன்று வேலையைப் பற்றிக் கேட்கிறோம்.

தலை ஏன் சுற்றுகிறது?

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும். கண் ஒன்று. பாதமும் தசைகளும் மூட்டுகளும் ஒன்று. இரண்டு பக்க உட்காதுகள் ஒன்று. கட்டியை எடுக்கும்போது அந்தப் பக்கத்துச் சமநிலை நரம்பும் பெரும்பாலும் போய்விடும். ஒரு காது பேசுகிறது, மறு காது மௌனமாகிவிட்டது. இந்த ஏற்றத்தாழ்வை மூளை சுழற்சி என்று எடுத்துக்கொள்வதால்தான் முதல் சில நாட்கள் கட்டிலே சுழல்வது போலிருக்கும்.

அந்தக் கடும் சுழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணியும். பிறகு மிஞ்சுவது திடீரென்று திரும்பினால் வரும் தள்ளாட்டம், நடக்கும்போது எதிரே உள்ள பெயர்ப்பலகை துள்ளுவது, இருட்டில் கால் தடுமாறுவது. இவை அடங்க வாரங்களும் மாதங்களும் ஆகும். இறந்த நரம்பு முளைத்து வருவதில்லை. சிறுமூளை மிஞ்சிய சாட்சிகளைக் கொண்டு புதுக் கணக்குப் போடப் பழகுகிறது. தலை அசைந்து, கண் தடுமாறி, தவறு நேர்ந்தால்தான் அந்தக் கணக்குத் திருந்தும். அசையாமல் படுத்திருப்பவரின் மூளைக்குப் படிக்கப் பாடமே கிடைப்பதில்லை.

1940களில் இங்கிலாந்தில் காது மருத்துவர் டெரன்ஸ் காத்தோர்னும் புனர்வாழ்வு மருத்துவர் குக்ஸியும், தலைச்சுற்றால் வருந்தியவர்களில் சீக்கிரம் நடமாடியவர்கள் சீக்கிரம் தேறுவதைக் கண்டு பயிற்சிகளை வகுத்தார்கள். இன்று பிசியோதெரபிஸ்ட்கள் சொல்லித்தரும் பயிற்சிகளுக்கு அவையே மூலம்.

இங்கே ஒரு புதிரும் உண்டு. பெரிய கட்டி பல ஆண்டுகளாக நரம்பைத் தின்றிருந்தால் மூளை முன்பே பாதி பழகியிருக்கும். சிறிய கட்டிக்காரருக்கு நரம்பு நன்றாக வேலை செய்துகொண்டிருந்து ஒரே நாளில் அறுபடுவதால் சுழற்சி அதிகமாக இருக்கலாம். ஆகவே பக்கத்துக் கட்டில்காரரோடு உங்களை ஒப்பிட வேண்டாம்.

முதல் 6 வாரங்கள்

இந்தக் காலத்தில் உடம்புக்குள் இரண்டு வேலை நடக்கிறது. மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியாதபடி அடைத்த இடம் இறுக வேண்டும். அதற்குத் தலைக்குள் அழுத்தம் ஏறக் கூடாது. சமநிலையோ அசைவைக் கேட்கிறது. எனவே பாரமும் முக்கலும் வேண்டாம், நடை கட்டாயம்.

4, 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். கிணற்றில் வாளி இழுப்பதும் தண்ணீர்க் குடம் சுமப்பதும் குனிந்து முற்றம் கூட்டுவதும் இதில் அடங்கும். வீட்டு வேலையும் வேலைதான். பெண்களுக்கு யாரும் லீவு தராத வேலை அது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். தலை இடுப்புக்குக் கீழே போக வேண்டாம் என்பதால் தொழுகையை உட்கார்ந்து நிறைவேற்றலாம்; கோணேசர் சந்நிதியில் விழுந்து கும்பிடுவதை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிவைக்கலாம்.

நடையை வைத்தியசாலை வார்டிலேயே தொடங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் படலை வரை, பிறகு ஒழுங்கை முனை வரை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை, யாராவது கூட வர. சமதரையில் தொடங்குங்கள். உவர்மலை ஏற்றம் பிறகு. கடற்கரை மணல் இன்னும் பிறகு.

தலைச்சுற்று மாத்திரைகளைப் பற்றி ஒரு சொல். சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை முதல் நாட்களின் வாந்திக்கு உதவும். மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை பழகுவதையே மந்தமாக்கும். எப்போது நிறுத்துவது என்று கிளினிக்கில் கேளுங்கள்.

இந்தியாவுக்குப் போய்ச் சிகிச்சை பெறுபவர்களும் நம்மிடையே உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இலேயே மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அப்படிப் போனவர்கள் அறுவை நிபுணரின் அனுமதி இல்லாமல் திரும்பும் விமானத்துக்குப் பதிவு செய்யக் கூடாது. தலைக்குள் தங்கிய காற்று உயரத்தில் விரியக்கூடும்.

பயிற்சி: எதை, எப்போது?

வீட்டில் செய்யக்கூடிய முதல் பயிற்சி எளியது. ஓர் எழுத்தைச் சுவரில் கண்ணுக்கு நேரே ஒட்டுங்கள். பார்வையை அதிலேயே வைத்துத் தலையை இடமும் வலமும், பிறகு மேலும் கீழும் அசையுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியும் வேகமே உங்கள் வேகம். ஒரு நிமிடம் செய்யுங்கள். நாளுக்கு மூன்று நாலு தடவை. அடுத்து, கால்களைச் சேர்த்து நிற்பது; ஒரு பாதத்துக்கு முன் மறு பாதம் வைத்து நிற்பது; தலையைத் திருப்பிக்கொண்டே நடப்பது. சுவரோ ஆளோ எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அளவை அறிய ஒரு வழி: பயிற்சியில் லேசாகத் தலை சுற்றினால் நல்லது, மூளை படிக்கிறது. 15, 20 நிமிடத்தில் அது அடங்காவிட்டால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

ஆறு வாரம் கடந்து அறுவை நிபுணர் சம்மதித்தால் நிலையான சைக்கிள் மிதிக்கலாம், இலேசான எடை தூக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது. மெதுவோட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில். தெருவில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாலும் நேர்கோட்டில் நிற்கிற நாளில்தான். கால்பந்து ஆடுபவர் தலையால் பந்தை முட்டுவதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். டச்பே மணலில் மாலை நடை இந்தக் கட்டத்தில் அருமையான பயிற்சி. பாதத்தின் கீழ் தரை நெகிழ்வதால் காது உழைக்க வேண்டியிருக்கும்.

கடலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நீருக்குள் பாதத்துக்குத் தரை இல்லை. கலங்கிய நீரில் கண்ணும் உதவாது. மிஞ்சுவது காது ஒன்றுதான், அதுவும் ஒரு பக்கம் போனது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட மேல் எது, அடி எது என்று தெரியாமல் போகலாம். காயம் ஆறி, அனுமதி கிடைத்த பிறகும் தெளிந்த ஆழமில்லாத நீரில், பகலில், துணையோடு, தலையை நீருக்கு மேல் வைத்தே நீந்துங்கள். சங்கு குளிப்பவர்களும் கடலட்டை எடுப்பவர்களும் புறாமலைப் பக்கம் சுற்றுலாப் பயணிகளைச் சுழியோட அழைத்துப் போகிறவர்களும், காது மருத்துவரின் தனிப் பரிசோதனை இல்லாமல் மீண்டும் நீருக்குள் இறங்கவே கூடாது.

வேலைக்குத் திரும்புவது

கதிரையில் இருந்து செய்யும் வேலைக்குப் பலர் 6 முதல் 12 வாரத்தில் திரும்புகிறார்கள். உடலுழைப்புக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். எந்த வேலையானாலும் முதல் வாரங்களில் அரை நாள் போதும். களைப்புதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. வெளியே காயம் தெரியாது, முகம் தெளிந்திருக்கும், ஆனால் பதினொரு மணிக்கே உடம்பு விட்டுவிடும். முன்பு தானாக நடந்த சமநிலையை மூளை இப்போது கவனம் செலவழித்துச் செய்கிறது. இந்தக் களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். அது சோம்பல் இல்லை என்பதை மேலதிகாரி அறிய வேண்டும்.

கணினித் திரையை வேகமாக உருட்டினால் தலை சுற்றும். மெதுவாக உருட்டி, அடிக்கடி யன்னலுக்கு வெளியே தூரத்தில் பாருங்கள். ஆசிரியர்கள், தங்கள் கேட்கும் காது பிள்ளைகள் பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும். ஒரு காது போனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெரியாது. இரைச்சலில் பேச்சும் புரியாது. பாரந்தூக்கிகளும் லொறிகளும் திரும்பும் துறைமுக முற்றத்தில் இது உயிர் ஆபத்து. மா ஆலையிலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர் மிஞ்சிய காதைக் காப்புறை போட்டுக் காக்க வேண்டும். கூட வேலை செய்பவர்கள் குரலை நம்பாமல் கையால் சைகை காட்டப் பழக வேண்டும். ஏணி, சாரம், கப்பற்படி போன்ற உயரங்கள் கடைசிக்குரியவை.

மீனவருக்கு வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கரை வேலை: வலை பொத்துவது, மீன் தரம் பிரிப்பது. கரைவலை இழுப்பது பாரம் தூக்குவதற்குச் சமம், அதற்கு அவசரம் வேண்டாம். பிறகு உட்துறைமுகத்தின் அமைதியான நீரில் பகலில் வள்ளம். பிறகு பகல் கடல். இரவுக் கடல் கடைசி. இருட்டு கண்ணைப் பறிக்கும், ஆடும் படகு பாதத்தைப் பறிக்கும்; பழுதான சாட்சி மட்டுமே மிஞ்சும். உயிர்காப்பு அங்கி இல்லாமலும் தனியாகவும் போக வேண்டாம்.

கண்ணை மறக்க வேண்டாம்

முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு இந்தக் கட்டியை ஒட்டியே ஓடுகிறது. அது நொந்தால் முகம் ஒரு பக்கம் தளரும், இமை மூடாது. ஹொலிவூட் நடிகர் மார்க் ரஃபலோவுக்கு 2000களின் தொடக்கத்தில் இந்தச் சத்திரசிகிச்சை நடந்தபோது முகத்தின் ஒரு பக்கம் பல மாதங்கள் அசையவில்லை. இடது காது கேட்காமலே போய்விட்டது. முகம் மீண்டது, அவரும் நடிப்புக்கு மீண்டார்.

இமை மூடாத கண்ணுக்குக் கச்சான் காற்றும் மணலும் சீமெந்துத் தூசியும் எதிரிகள். பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி, இரவில் களிம்பு, வெளியே பக்கம் மூடிய கண்ணாடி. கண் சிவந்தாலோ வலித்தாலோ அன்றே காட்டுங்கள். வலி தெரியாத கண்ணுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

மூக்கிலிருந்தோ காயத்திலிருந்தோ தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டினால், குனியும்போது அது கூடினால், உப்புக் கரித்தால், மூளைநீர் கசிகிறது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கடும் தலைவலி, குழப்பம், ஓயாத வாந்தி என்பவை மூளை உறைத் தொற்றின் அடையாளங்கள். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள் அல்லது திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு நேரே போங்கள். டயக்னோசிஸ் கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதில்தான் என்ன செய்தார்கள் என்பது இருக்கிறது.

மாதங்கள் கழித்து ஒரு காய்ச்சலிலோ தூக்கமில்லாத வாரத்திலோ பழைய தள்ளாட்டம் எட்டிப் பார்க்கலாம். கட்டி திரும்பிவிட்டது என்று கலங்க வேண்டாம். களைத்த மூளை கணக்கை மறக்கும். சில நாள் பயிற்சியில் பெரும்பாலும் அந்தக் கணக்கு திரும்பி வரும். வராவிட்டால் காட்டுங்கள். மருத்துவர் சொன்ன எம்ஆர்ஐ திகதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பாசத்தால் அவரைக் கட்டிலோடு கட்டிப் போடாதீர்கள். நாளை வெயில் ஏறுமுன் அவரை உட்துறைமுக வீதிப் பக்கம் கூட்டிப் போங்கள். கேட்கும் காதின் பக்கமாக நடந்துகொண்டே பேச்சுக் கொடுங்கள். பதில் சொல்ல அவர் உங்கள் பக்கம் தலையைத் திருப்புவார். அதுவும் ஒரு பயிற்சிதான்.