பல நிறத்தார் கூடிய ஓர் இசைக்குழு

ஒரு மேடையில் எவரெவர் கூடி வாசிக்கலாம் என்பது இசை நூல் வகுத்த விதியன்று. சமுதாயம் வகுத்த விதி. 1960களின் அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பினத்தாரும் தனித்தனிக் குழுக்களாக வாசிப்பதே பெருவழக்கு. வானொலி நிலையங்களும் அவ்வாறே பிரிந்து நின்றன. இவ்வழக்கை மீறி, 1966ஆம் ஆண்டிலே சான்பிரான்சிஸ்கோ நகரில் தோன்றியது 'ஸ்லை அன்ட் த பமிலி ஸ்டோன்' என்னும் குழு.

இதனை அமைத்தவர் ஸ்லை ஸ்டோன் எனப் புகழ்பெற்ற சில்வெஸ்டர் ஸ்டுவர்ட். 1943இல் டெக்சாஸ் மாநிலத்திற் பிறந்த இவருக்குத் தேவாலயப் பாடலே முதற் பயிற்சி. பின்னர் வானொலி அறிவிப்பாளரானார். கறுப்பின நேயர்களுக்கென நடந்த நிலையத்தில், பீட்டில்ஸ் குழுவினரின் இசைத்தட்டுக்களையும் சேர்த்து ஒலிபரப்பினார். அங்கே தட்டுக்களைக் கலந்தவர், தம் குழுவிலே மனிதரையும் கலந்தார்.

1968இல் குழுவினர் எழுவர்: கறுப்பினத்தார் ஐவர், வெள்ளையர் இருவர். பெண்கள் இருவரும் பாடியதோடு நில்லாது வாத்தியமும் வாசித்தனர். சிந்தியா ரொபின்சன் ட்ரம்பெட் ஊதினார், ஸ்லையின் தங்கை ரோஸ் பியானோ வாசித்தார்.

இவர்களது இசையில் தேவாலயத்தின் பாட்டும் எதிர்ப்பாட்டும், ரொக் இசையின் மின்கிற்றாரும், ஜாஸ் மரபின் ஊதுகுழல்களும் ஒன்றாயின. இவற்றைத் தாங்கியது 'ஃபங்க்' என்னும் தாளநடை. அதிலே ஒவ்வொரு வாத்தியமும் சிறு சிறு தாளத் துணுக்குகளை வாசிக்கும். அவை ஒன்றோடொன்று பின்னி முழு நடையாகும். லாரி கிரகாம் முன்னர்த் தம் தாயாருடன் மேளகாரர் இன்றி வாசிக்க நேர்ந்தபோது, மேளத்தின் குறையை நிரப்பப் பேஸ் கிற்றாரின் தந்தியைப் பெருவிரலால் அடித்தும் மற்றைய விரலாற் சுண்டியும் வாசித்தார். இன்று உலகெங்கும் வழங்கும் ஒரு வாசிப்பு முறை அவ்வாறு பிறந்தது.

நிறத்தால் வேறுபட்டாலும் மக்கள் யாவரும் ஒருதரத்தினரே என்று பாடிய 'எவ்ரிடே பீப்பிள்' 1969 பெப்ரவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டு ஓராண்டுகூட நிறையாத காலம் அது. அவ்வாண்டு ஆகஸ்டில் வூட்ஸ்டொக் பெருவிழாவிலும் இவர்கள் விடியுமுன் வாசித்துப் புகழ்பெற்றனர்.

எனினும் அவ்வொற்றுமை நீடிக்கவில்லை. போதைப்பொருள் பழக்கம் தலைவரைப் பற்றியது. கூடிய மக்கள் காத்திருக்க, அவர் மேடைக்கு வாராத நாள்கள் பெருகின. 1971 முதல் உறுப்பினர் ஒருவர்பின் ஒருவராய் விலகினர். 1975இல் குழு கலைந்தது. ஸ்லை 2025 ஜூனில் தம் 82ஆவது வயதிற் காலமானார்.

வேறுபட்டோரை ஒன்றுசேர்க்க ஒருவரது துணிவு போதுமாயிருந்தது. சேர்ந்ததைக் காக்கவோ அனைவரதும் ஒழுங்கு வேண்டியிருந்தது. குழு குலைந்தாலும், அது காட்டிய வழி பின்வந்த இசைவாணர் பலருக்குப் பொதுவழியாயிற்று.