வெங்காய முளையும் எலும்பு மஜ்ஜையும்

புணே மாவட்டத்துச் சாகணை இன்று பலரும் கார் தொழிற்சாலைகளை வைத்துத்தான் அறிவார்கள். ஆனால் அது வெங்காயச் சந்தைக்கும் பேர்போன ஊர். சேமித்து வைத்த வெங்காயம் முளைவிட்டால் விலை போகாது. நாசிக் மாவட்டம் லாசல்காவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002இல் அமைத்த 'கிருஷக்' நிலையம் இதற்கு கோபால்ட்-60இன் காமா கதிரைப் பயன்படுத்துகிறது. 60 முதல் 90 கிரே (உடலோ பொருளோ உள்வாங்கும் கதிர் ஆற்றலின் அலகு) பட்ட வெங்காயம் முளைப்பதில்லை. தைரியமாகச் சாப்பிடலாம், கதிர் பட்டதால் அது கதிரியக்கப் பொருளாகிவிடாது.

உயிருள்ள உடலின் கதை வேறு. மனிதருக்கு உடல் முழுக்க 4, 5 கிரே ஒரே மூச்சில் பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப்பேர் பிழைப்பதில்லை. இத்தனைக்கும் அந்த ஆற்றலால் உடல் சூடு ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட ஏறாது. கொல்வது சூடல்ல, குரோமோசோமில் விழும் வெட்டு.

குரோமோசோமுக்குள் இருக்கும் டிஎன்ஏ இரண்டு புரி முறுக்கிய கயிறு. ஒரு புரி அறுந்தால் மறுபுரியைப் பார்த்து செல் சரிசெய்துகொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். 1 கிரே பட்டால் ஒரு செல்லுக்குள் இத்தகைய முறிவுகள் சுமார் 40 நேரும். பெரும்பாலானவற்றை செல் ஒட்டிவிடும். சில சமயம் ஒரு குரோமோசோமின் அறுந்த முனை இன்னொன்றின் முனையோடு ஒட்டிக்கொள்ளும். செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்க உதவும் பிடிதான் சென்ட்ரோமியர். அப்படி ஒட்டும்போது இரண்டு சென்ட்ரோமியர் உள்ள குரோமோசோம் உருவாகிறது. செல் பிரியும்போது அது இரு பக்கமும் இழுபட்டு அறுகிறது. சென்ட்ரோமியர் இல்லாத துண்டோ எந்தப் பக்கமும் சேராமல் பின்தங்குகிறது.

எலியின் எலும்பு மஜ்ஜையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடும். பின்தங்கிய துண்டு மட்டும் உள்ளே இருந்துவிடும். சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், ஒன்றும் இருக்கக்கூடாத அணுவுக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும். இதை நுண்கரு என்கிறார்கள்.

ஓயாமல் பிரியும் மஜ்ஜையும் குடலின் உட்சுவரும் முதலில் பாதிக்கப்படுவது இதனால்தான். வெங்காயத்திலும் முளைக்குருத்துதான் நின்றுபோகிறது. சதை அப்படியே இருக்கிறது.

2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில், தில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட கருவியிலிருந்த கோபால்ட்-60 பிரிக்கப்பட்டது. ஒருவர் இறந்தார். காயலான் கடைத் தொழிலாளியின் சட்டையில் கதிரளவு காட்டும் பட்டை எங்கே இருக்கப்போகிறது? அப்படிப்பட்டவருக்கு ரத்தமே சாட்சி. வெள்ளையணுக்களை வளர்த்து, இரட்டைச் சென்ட்ரோமியர் குரோமோசோம்களை எண்ணுவார்கள். சாதாரணமாக ஆயிரம் செல்லுக்கு ஒன்று இருக்கும். 1 கிரே காமா பட்டவருக்கு 80, 100 என்று ஏறிவிடும். இதைவிட நம்பகமான சான்று இல்லை என்பேன்.

ஆனால் அந்தச் செல்கள் மெல்ல மடிந்துபோகும். வார்ப்பிலும் வெல்டிங்கிலும் விரிசல் பார்க்க இரிடியம்-192 கையாளும் தொழிலாளிக்கு, பட்டை அணியாத நாளில் கதிர் பட்டதாகச் சந்தேகம் வந்தால், சில வாரங்களுக்குள் ரத்தம் கொடுத்துவிட வேண்டும். வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் பட்ட அளவு குறைவாகவே தெரியும்.