காத்திருக்கும் அறையில் காற்று

காலை எட்டு மணி. அரசு ஆஸ்பத்திரி. சீட்டு வாங்க நீண்ட வரிசை. வாங்கியவர்கள் உள்ளே ஓர் அறையில் காத்திருக்கிறார்கள். நாலு பெஞ்சு, ஐம்பது பேர். ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. காற்றில் அடித்துக்கொள்கிறது என்று யாரோ சாத்திவிட்டார்கள்.

மூலையில் ஒரு பெரியவர் இருமுகிறார். ஒரு மாதமாக அவருக்கு இருமல். பக்கத்தில் ஒரு தாய். மடியில் கைக்குழந்தை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அதற்கு மருந்து வாங்கத்தான் அந்தத் தாய் வந்திருக்கிறார். இரண்டு மணி நேரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

பெரியவருக்குக் காசநோய் இருந்தால் என்ன ஆகும்? அவர் இருமும்போது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் காற்றில் கலக்கும். மூடிய அறையில் அவை பல மணி நேரம் மிதக்கும். மற்றவர்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வராது. ஆனால் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். தட்டம்மை இன்னும் வேகமாகப் பரவும். தட்டம்மை கண்ட குழந்தை எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் கிருமி அறைக் காற்றில் இருக்கும்.

மின்விசிறி ஓடுகிறதே, போதாதா? போதாது. விசிறி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது. எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் ஒரு பக்கம் புதுக்காற்று வரும். மறு பக்கம் பழைய காற்று போகும். கிருமியும் அதோடு போகும். தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டால் இன்னும் நல்லது. பழைய ஆஸ்பத்திரிகளில் உயர்ந்த கூரையும் அகலமான தாழ்வாரமும் இருக்கும். அது வீண் ஆடம்பரம் அல்ல.

இந்திய அரசு 2010-ல் இதற்கென்றே வழிமுறைகளை வெளியிட்டது. இருமலோடு வருபவரை முதலிலேயே கண்டுகொள்ள வேண்டும். காற்றோட்டமான இடத்தில் தனியே உட்காரவைக்க வேண்டும். இருமும்போது வாயை மூடச் சொல்ல வேண்டும். டாக்டர் அவரைச் சீக்கிரம் பார்த்து அனுப்ப வேண்டும்.

"நான் விடியற்காலையில் வந்தேன். அவரை மட்டும் ஏன் முதலில் விடுகிறீர்கள்?" என்று சண்டை வரும். கோபம் நியாயம்தான். ஆனால் அவர் சீக்கிரம் போவது வரிசையில் இருப்பவர்களுக்கும் நல்லது. இதைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் பாதிச் சண்டை குறையும். படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்குப் படித்துச் சொல்லலாம்.

பெரியவரை விரட்டக் கூடாது. 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். காசநோய்க்கு மருந்தும் இலவசம்.

குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். டோக்கன் கொடுத்து எண் சொல்லிக் கூப்பிட்டால் வயதானவர்கள் கால் கடுக்க நிற்க வேண்டாம்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? 1994-ல் குஜராத்தில் சூரத் நகரில் பிளேக் பரவியது. மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் அப்போது எலித் தொல்லை. அதிகாரிகளும் மக்களும் சேர்ந்து ஆஸ்பத்திரியைச் சுத்தம் செய்தார்கள். பிறகு அதைப் பராமரிக்க 'ரோகி கல்யாண் சமிதி' என்ற சங்கம் அமைத்தார்கள். நோயாளர் நலச் சங்கம் என்று பொருள். 2005-க்குப் பிறகு இப்படிப்பட்ட சங்கங்கள் நாடு முழுவதும் வந்தன. ஆஸ்பத்திரியில் வசதி செய்ய இவற்றிடம் கொஞ்சம் பணம் உண்டு.

சங்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தலைமை டாக்டரிடம் கேட்கலாம். தாழ்வாரத்துக்கு இரண்டு பெஞ்சு, ஒரு பலகை, ஜன்னலுக்குக் கொக்கி என்று மனு எழுதிக் கொடுக்கலாம். அதுவரை ஜன்னல் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைக்கலாம்.