பதினெட்டு வயது ராணி

விக்டோரியா என்றவுடன் நம் நாட்டார் நினைவுக்கு வருவது, சிலையாக நின்ற முதிய சக்கரவர்த்தினிதான். அவள் பெயரால் நடந்த ஆட்சியைப் பற்றி நமக்குள்ள வழக்கு வேறு. அது தீர்ந்த பாடில்லை. 2009-ஆம் வருஷம் வெளிவந்த 'தி யங் விக்டோரியா' என்னும் படமோ, அந்தச் சிலைக்குள் ஒரு காலத்தில் இருந்த சிறு பெண்ணைக் காட்டுகிறது.

கென்ஸிங்டன் அரண்மனையில் அவள் தாயின் அறையிலேயே உறங்க வேண்டும். பிறர் கையைப் பற்றாமல் மாடிப்படி இறங்கக் கூடாது. தாயும், அவளுடைய காரியஸ்தர் ஜான் கான்ராயும் வகுத்த விதி இது. பெண்ணைக் காப்பதாகச் சொன்னார்கள். அவளைத் தங்கள் கைப்பிடியில் வைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பதே வாஸ்தவம். 1837 ஜூன் 20-ஆம் தேதி, பதினெட்டு வயது நிரம்பி ஒரு மாதத்துக்குள், அவள் ராணியானாள். அன்றே தன் படுக்கையைத் தாயின் அறையிலிருந்து அகற்றச் செய்தாள்!

விடுதலை பெற்றவள் தவறும் செய்தாள். 1839-இல், பிரதம மந்திரியாக வரவிருந்த பீல், அந்தப்புரச் சீமாட்டிகளில் சிலரை மாற்றக் கோரினார். அவள் பிடிவாதமாக மறுக்கவே, அவர் பதவி ஏற்கவில்லை. அவ்வருஷமே அக்டோபரில் ஆல்பர்ட்டை மணக்கத் துணிந்தாள். ராணியிடம் மணம் பேசப் பிறருக்கு உரிமையில்லையாதலால், அவளே அவரைக் கேட்க வேண்டியிருந்தது. எமிலி பிளண்ட் இந்த இடத்தில் நாணத்தையும் அதிகாரத்தையும் ஒருங்கே காட்டுகிறார்.

உடையலங்காரத்துக்கு ஆஸ்கார் பரிசு பெற்ற இப்படத்தில் ஒரு பெருங்குறை உண்டு. 1840 ஜூன் 10-ஆம் தேதி, தம்பதிகள் சென்ற வண்டியை நோக்கி எட்வர்ட் ஆக்ஸ்போர்டு என்னும் இளைஞன் இருமுறை சுட்டான். படத்தில் ஆல்பர்ட் குறுக்கே பாய்ந்து காயமடைகிறார். உண்மையில் எவருக்கும் காயமில்லை. அப்போது கர்ப்பிணியாயிருந்த ராணி அரண்மனைக்குத் திரும்பவுமில்லை. ஜனங்கள் காணும்படி கணவருடன் உலாவைத் தொடர்ந்தாள். கற்பனை ரத்தத்தைவிட அந்த நிதானமன்றோ பெரிது? தனியே படியிறங்கக் கற்றவளைக் கடைசியில் மீண்டும் ஒரு கையின் மறைவில் உட்கார வைத்துவிட்டார் டைரக்டர் வல்லே.

எனினும், வளர்ந்த பெண்கள் உள்ள வீட்டார் குடும்பத்துடன் பார்க்கத் தக்க படம் இது. பார்த்தபின், நம் வீட்டு மாடிப்படியையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.