பாரம் ஏற்றுமுன் பிறேக்கைப் பாருங்கள்

1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையின் காலத்தில் வடபகுதி மக்களுக்குக் கைகொடுத்தவை பழைய வாகனங்களே. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்றவை சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. பிற்காலத்தில், 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீளத் தொடங்கிய போதிலும், புதிய வாகனத்தின் விலை இடம்பெயர்ந்து மீண்ட விவசாயிக்கு எட்டக்கூடியதல்ல. எனவே சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய பிக்கப்பை வாங்கித் திருத்தி, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக எண்ணுவது நியாயமானதே.

அப்படி வாங்கும் வண்டியில் பெரும்பாலும் பின் அச்சு தேய்ந்திருக்கும். அதற்குரிய உதிரிப்பாகம் கிடைக்காதபோது வேறொரு வண்டியின் பின் அச்சைப் பூட்டுவது வழக்கம். அச்சு மாறும்போது பிறேக்கும் மாறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒஸ்ரின் ஏ-40 பிக்கப்பையே எடுத்துக்கொள்வோம். இது 1947இல் வெளிவந்த ஏ-40 டெவன் காரின் குடும்பத்தைச் சேர்ந்தது. இயந்திரம் 1200 சி.சி. ஏற்றக்கூடிய பாரம் 10 அந்தர், அதாவது ஏறத்தாழ 500 கிலோ. டெவனில் முன் சில்லுகளுக்கு ஒயில் பிறேக்கும் பின் சில்லுகளுக்குக் கம்பியால் இயங்கும் பிறேக்கும் இருந்தன. 1952இல் வந்த சொமர்செற் காரிலோ நான்கு சில்லுகளுக்கும் ஒயில் பிறேக். பின்னைய வகை அச்சை முன்னைய வண்டியில் பூட்டினால், பழைய கம்பிக்கு அங்கே வேலையில்லை. புதிய ஒயில் குழாயும், சட்டகத்துக்கும் அச்சுக்கும் இடையே வளையக்கூடிய இறப்பர்க் குழாயும், நான்கு சில்லுக்கும் போதிய ஒயிலைத் தள்ளக்கூடிய மாஸ்ரர் சிலிண்டரும் தேவை. கைப்பிறேக்கையும் புதிய அச்சுடன் முறையாக இணைக்க வேண்டும். இவற்றுக்கும் சேர்த்துப் பணம் இருந்தால் மட்டுமே அச்சை வாங்குங்கள்.

வாங்குமுன் அளக்க வேண்டியவை:

1. இரு ஸ்பிறிங்குகள் அமரும் இடங்களுக்கு இடைப்பட்ட தூரம். அச்சின் முழு அகலம்.

2. புறொப்பெல்லர் சாப்ற்றின் நீளமும் அது பொருந்தும் தட்டின் துளைகளும்.

3. சில்லுப் போல்ற்றுகளின் எண்ணிக்கையும் இடைவெளியும். முன்னும் பின்னும் வேறுபட்டால் ஒரு மேலதிகச் சில்லு போதாது.

4. பல் விகிதம். இதை அறிய எளிய வழி உண்டு. முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிறேக்கைத் தளர்த்துங்கள். ஒரு பின் சில்லை மாத்திரம் ஜக்கால் உயர்த்தி, அதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் புறொப்பெல்லர் சாப்ற் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஐந்துக்குச் சற்று மேலென்றால் பாரத்தை இலகுவாக இழுக்கும், வேகம் குறைவு. நாலுக்குக் கிட்டவென்றால் வேகமாக ஓடும். பாரத்தோடு புறப்படும்போது இயந்திரம் திணறும்.

வேகம் கூடும் அச்சைப் பெருமையோடு பூட்டுபவர்கள் ஒரு கணக்கை மறக்கலாகாது. வேகம் இரட்டித்தால், பிறேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நாலு மடங்காகும். பெரிய வண்டியின் அச்சைப் பூட்டியதால் பிக்கப் பெரிய வண்டி ஆகிவிடாது. சட்டகமும் ஸ்பிறிங்கும் முன் பிறேக்கும் பழையவையே. 50 கிலோ மூடை பத்து என்றால் அதற்கு மேல் ஒரு மூடையும் வேண்டாம். மறுபுறம், பின் பிறேக் அளவுக்கு மீறிப் பலமாக இருப்பதும் ஆபத்து. வெறும் வண்டி மழை றோட்டில் பிறேக் பிடிக்கும்போது பின் சில்லுகள் இறுகி, வண்டி பக்கவாட்டில் சறுக்கும்.

வேலை நடக்கும்போது அருகில் நில்லுங்கள். அச்சின் இரு முனைகளிலும் ஒயில் சீல்கள் புதியனவாக இருக்க வேண்டும். கியர் ஒயில் கசிந்து பிறேக் சூவில் பட்டால் பிறேக் பிடிக்காது. பிறேக் ஒயில் என்று நாம் சொன்னாலும் அது இயந்திர ஒயில் அல்ல. இயந்திர ஒயிலை ஊற்றினால் இறப்பர்கள் ஊதிப் பழுதாகும். குழாயிலுள்ள காற்றை, மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சில்லில் தொடங்கி வெளியேற்ற வேண்டும். பின்பு மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிவு உண்டு. வண்டியை அசைக்க வேண்டாம்.

முதல் ஓட்டம் வெறும் வண்டியாக, ஆளில்லாத வெளியில், மெதுவாக நடக்கட்டும். அடுத்தது அரைப் பாரத்தோடு. சில ஓட்டங்களின் பின் ஸ்பிறிங்கை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ற்றுகளை மீண்டும் இறுக்குங்கள். செய்த மாற்றத்தைப் பதிவிலும் காப்புறுதியிலும் தெரிவிக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கூட்டாக வாங்கியோர் ஒரு கொப்பி வைத்து, யார் எப்போது பிறேக்கைப் பார்த்தார் என்று எழுதி ஒப்பமிடுவது நன்று. எல்லாருடைய வண்டி என்றால் ஒருவரும் பார்க்காத வண்டியாகிவிடும். வெங்காய மூடைகளுக்கு மேல் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுவோம். ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பி வந்த குடும்பங்கள் நாம். நம் பிள்ளைகளை ஒரு தேய்ந்த பிறேக் சூவுக்குப் பறிகொடுக்கலாகாது.