தோட்டத்து டிரக்டருக்கு மாற்று டயர்

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் அமைந்த அந்தச் சிறு பாதை 1904 ஆம் ஆண்டில் ராகலையை எட்டியது, 1940-களில் மூடப்பட்டது. அதன் பின்னர், உடப்புசல்லாவைச் சாரலில் விளையும் தேயிலையும் மரக்கறியும் வீதியை நம்பியே மலை இறங்குகின்றன. வீதி என்றால் தார் போட்ட பெருந்தெரு மட்டுமன்று. தேயிலை மலைகளுக்குள்ளே வளைந்து வளைந்து செல்லும் கல்பாதைகளும், கல் பெயர்ந்து மண்ணாய்ப் போன பாதைகளும் அதில் அடங்கும். அப்பாதைகளில் மடுவத்திலிருந்து தொழிற்சாலைக்குக் கொழுந்து சுமக்கும் வேலை பெரும்பாலும் டிரக்டருக்கும் அதன் பின்னே பூட்டிய பெட்டிக்கும் உரியது.

கார்த்திகை தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை இச்சாரலை நனைக்கும். பின் சில்லின் டயர் தேய்ந்திருக்குமானால் அதன் குறை அப்பொழுதுதான் வெளிப்படும். ஏற்றத்தின் நடுவே சில்லு இருந்த இடத்திலேயே சுழலும், சேறு பின்னால் தெறிக்கும், வண்டி நகராது. மடுவத்திலே நிறுத்து முடிந்த கொழுந்து காத்துக் கிடக்கும். பறித்த கொழுந்தும் உயிருள்ள பொருளே. அது மூச்சு விடுகிறது, வெப்பத்தை வெளியிடுகிறது. சாக்கில் அடைபட்டு நெடுநேரம் கிடந்தால் உள்ளே சூடேறிக் கன்றிச் சிவந்துபோகும். கன்றிய கொழுந்திலிருந்து நல்ல தேயிலை வராது. ஆகவே புதிய டயர் வாங்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எத்தகைய டயர் என்பதே கேள்வி. கடையிலே உள்ளவற்றுள் மிக ஆழமான கட்டைகளை உடையதை வாங்கிவிட்டால் போதும் என்பது பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் எப்பொழுதும் சரியன்று.

மென்னிலத்தில் ஓடும் சில்லுக்குப் பணிகள் இரண்டு. ஒன்று, புதையாமல் மிதத்தல். மற்றொன்று, வழுக்காமல் பற்றுதல். மிதப்பதற்குப் பரப்பு வேண்டும். பற்றுவதற்கு நிலத்திற்குள் இறங்கும் கட்டை வேண்டும். சேற்று வயலில் இறங்கும் மனிதன் காலைப் பரப்பி வைக்கிறான். வழுக்குப் பாறையில் ஏறும்போதோ விரல்களை ஊன்றுகிறான். ஒரே கால் நிலத்துக்கேற்ப இருவேறு முறையில் தொழிற்படுகிறது. டயருக்கு அவ்வாறு தன்னை மாற்றிக்கொள்ளும் அறிவு இல்லை. அதைத் தெரிந்தெடுப்பவருக்கே அந்த அறிவு வேண்டும்.

இவ்விரு பணிகளையும் தெளிவாகக் காட்டும் வண்டி ஒன்று பனிநாடுகளில் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வாழ்ந்த ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே என்னும் இயந்திரக் கைவினைஞரின் இரண்டு வயது மகன் 1934 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நோயுற்றான். வீதிகளைப் பனி மூடியிருந்தமையால் குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை, குழந்தை இறந்தது. பனிமேல் ஓடும் வண்டி பற்றி முன்னரே ஆராய்ந்துகொண்டிருந்த அவர், பற்சில்லு ஒன்றினால் இழுக்கப்படும் றப்பர்ப் பட்டையை அமைத்து, 1937 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒருவர் இருவர் ஏறிச் செல்லும் சிறிய பனிவண்டி 1959 ஆம் ஆண்டில் அவருடைய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.

அவ்வண்டியின் பட்டை தேய்ந்தால் அதற்கும் மாற்றுப் பட்டை தேட வேண்டும். அங்கும் இதே கேள்விதான். மிதித்து இறுகிய பனித்தடத்தில் ஓடுபவருக்கு ஓர் அங்குலம் அல்லது ஒன்றேகால் அங்குல உயரத் துடுப்புகள் போதும். மலைச்சரிவில் மாவைப்போல் உதிர்ந்து ஆழமாய்க் கிடக்கும் புதுப்பனியில் ஓடுபவருக்கு இரண்டேகால் முதல் மூன்று அங்குலம் வரை உயர்ந்த துடுப்புகள் வேண்டும். பட்டையும் நீளமாயிருத்தல் வேண்டும். ஏனெனில் அந்தப் பனிக்கு அடியில் எட்டிப் பிடிக்கத்தக்க கெட்டித்தளம் இல்லை. வண்டி பனிமேலே மிதந்துகொண்டு, ஓடக்காரன் நீரைத் தள்ளுவதுபோலப் பனியைப் பின்னே தள்ளியே முன்னேற வேண்டும். அதே உயர்ந்த துடுப்புப் பட்டையை இறுகிய தடத்தில் ஓட்டினால் துடுப்புகள் மடங்கித் தேயும். இயந்திரத்தின் வலு வீணாகும். பட்டையின் பல்லிடைவெளி வண்டியின் பற்சில்லோடு பொருந்தாவிடில் அதைப் பூட்டவே முடியாது.

பனிநாட்டார் முதலில் கேட்பது, “பனி எவ்வளவு ஆழம்? அடியில் என்ன இருக்கிறது?” என்பதே. ராகலைப் பக்கத்தில் டயர் வாங்குபவரும் முதலிற் கேட்க வேண்டியது அதுதான். விடை மட்டும் வேறாயிருக்கும்.

மலைநாட்டுத் தோட்டத்தில் டிரக்டர் ஒரே நாளில் மூன்று வகைத் தரையில் ஓடுகிறது. முதலாவது தார்வீதி. இரண்டாவது, கல் பதித்த பழைய தோட்டப்பாதை. அதன்மேல் மழைக்காலத்தில் இரண்டு மூன்று அங்குலச் சேறு படியும், ஆனால் அடியிலே கல் உண்டு. மூன்றாவது, கல்லே இல்லாத மண்பாதையும் மரக்கறித் தோட்டத்துப் பண்படுத்திய நிலமும். அங்கே சேறு ஓரடிக்குமேல் ஆழ்ந்திருத்தல் கூடும். இவற்றை வேறுபடுத்தி அறிவதற்கு ஓர் அலவாங்கு போதும். மழை பெய்த மறுநாள் பாதையின் பல இடங்களில் அதைக் குத்திப் பார்க்க வேண்டும். சிறிது இறங்கியதும் ‘ணங்’ என்று கல்லில் முட்டினால், மேற்சேற்றை வெட்டிச் சென்று கல்லைப் பற்றும் டயர் வேண்டும். தடையின்றி இறங்கிக்கொண்டே போனால், அது மிதக்க வேண்டிய இடம். இதனுடன், ஒரு கிழமையில் வண்டி ஓடும் தூரத்தில் எத்தனை பங்கு தாரில், எத்தனை பங்கு கல்லில், எத்தனை பங்கு சேற்றில் என்பதையும் சாரதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளல் நன்று. பாதையை அவரைப்போல் அறிந்தவர் வேறெவரும் இலர்.

இனி, டயர் வகைகளைக் காண்போம். டிரக்டரின் பின் டயர்களுக்கு உலக வழக்கில் சில அடையாளக் குறிகள் உண்டு. ஆர்-1 என்பது பொதுவான உழவு டயர். ஆர்-1டபிள்யூ என்பது அதைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஆழமான கட்டைகளை உடையது, ஈரக்களிக்கு ஏற்றது. ஆர்-2 என்பது நெல்வயலுக்கும் கரும்பு வயலுக்கும் உரியது. அதன் கட்டைகள் ஆர்-1இன் கட்டைகளைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆழம் உடையன. ஆர்-4 என்பது கட்டட வேலை இயந்திரங்களுக்கானது. கட்டைகள் அகலமாயும் ஆழம் குறைந்தும் இருக்கும், கல்லிலும் தாரிலும் நெடுங்காலம் உழைக்கும்.

நெல்வயலில் சிறந்து விளங்கும் ஆர்-2 டயரைத் தார்வீதியில் ஓட்டினால் கட்டைகளின் நுனிகள் மட்டுமே தரையைத் தொடும். தொடும் றப்பர் குறைவாதலால் ஈரத்தாரில் பிடிப்பும் குறையும், உயர்ந்த கட்டைகள் அசைந்து அசைந்து விரைவில் தேயும், வண்டியும் அதிரும். அன்றியும், ஆழக்கட்டை சுழலும்போது பாதையின் கல்லைத் தோண்டி எடுத்துவிடும். தோண்டிய குழியில் நீர் தேங்கும்; அடுத்த மழைக்கு அங்கே சேறு இரட்டிக்கும். சேற்றை வெல்ல வாங்கிய டயரே சேற்றைப் பெருக்கும் கதையாக அது முடியும். ஆகவே கல்பாதையும் தாரும் மிகுந்த தோட்டத்துக்கு ஆர்-1 டயரே பெரும்பாலும் தகுந்தது. கல்லற்ற களிப்பாதை மிகுந்த இடத்துக்கு ஆர்-1டபிள்யூ பொருந்தும். ஆர்-2 வகையை வயலுக்கே விட்டுவிடலாம்.

கட்டையின் ஆழத்தைப் போலவே கட்டைகளுக்கு இடையிலுள்ள வெளியும் கவனிக்கத் தக்கது. களிமண் அந்த இடைவெளியில் அப்பிக்கொண்டால் டயர் வழவழப்பான உருளையாகிவிடும். பின்னர் கட்டை எவ்வளவு ஆழமாயிருந்தும் பயனில்லை. நல்ல டயர் சுழலுகையில் மண்ணைத் தானே உதறித் தள்ள வேண்டும். அதற்காகவே கட்டைகள் சாய்வாக, நடுவிற் கூடி ஓரத்தில் விரிந்து, கூர்முனைபோல் அமைக்கப்பட்டுள்ளன. முன்னோக்கி ஓடும்போது அந்தக் கூர்முனை முதலில் தரையைத் தொட வேண்டும். அப்பொழுதுதான் சேறு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கி வெளியேறும். இடப்புற டயரை வலப்புறம் மாற்றிப் பூட்டினால் புதிய டயரும் பழையதைப் போலவே வழுக்கும். பக்கச்சுவரில் பொறித்த அம்புக்குறி இதற்காகவே உள்ளது.

மிதப்பு என்பது காற்றோடு தொடர்புடையது. மென்னிலத்தில் டயர் தரையை அழுத்தும் அழுத்தம், அதனுள் அடைத்த காற்றின் அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமம் எனலாம். 1,500 இறாத்தல் பாரம் தாங்கும் சில்லில் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் காற்று இருந்தால், அச்சில்லு சுமார் 100 சதுர அங்குலப் பரப்பில் தரையில் அமரும். காற்றைக் கூட்டினால் பரப்புச் சுருங்கும், சில்லு புதையும். மிகுதியாகக் குறைத்தால், சரிவில் பாரத்தோடு திரும்பும்போது பக்கச்சுவர் நெளிந்து டயர் வளையத்தினின்று நழுவவும் கூடும். ஆதலின் செய்தவர் தரும் அட்டவணையைப் பார்த்து, சுமைக்கும் வேகத்துக்கும் ஏற்ப அடைப்பதே முறை. நூலடுக்குகள் குறுக்கே நேராகச் செல்லும் ரேடியல் டயர், குறைந்த காற்றிலும் பக்கச்சுவர் நெகிழ்ந்து நீண்ட அடிச்சுவட்டைத் தரும். நூலடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும் பழைய வகை டயர் விலை குறைந்தது, பக்கச்சுவர் தடித்தது, கூரிய கல்லின் கீறலை நன்கு தாங்குவது. கருங்கல் துருத்திய பாதையில் இந்தப் பழைய வகைக்கு இன்றும் இடம் உண்டு.

வாங்கும்போது அளவு பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 13.6-28 என்று பொறித்திருந்தால், டயரின் அகலம் 13.6 அங்குலம், இரும்பு வளையத்தின் விட்டம் 28 அங்குலம் என்பது பொருள். பின் டயர்கள் இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் நன்று. ஒரு புறம் புதியதும் மறு புறம் தேய்ந்ததுமாக இருந்தால் இரண்டின் சுற்றளவும் வேறுபடும். நேர்ப்பாதையில் ஓடும்போதும் அச்சிலுள்ள பற்சில்லுகள் ஓயாமல் உழலும். நான்கு சில்லும் இழுக்கும் டிரக்டராயின் கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். அங்கே முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட ஒன்று முதல் ஐந்து வீதம் வரை முந்தி ஓடுமாறு கணக்கிட்டு அமைத்திருப்பர். பின் டயரின் அளவை மட்டும் மாற்றினால் அக்கணக்குப் பிழைத்து இயந்திரம் தன்னோடு தானே போராடும்.

டயரினுள் முக்காற் பங்கு நீர் நிரப்பிப் பாரம் கூட்டும் வழக்கமும் உண்டு. பனிநாடுகளில் அந்நீர் உறையாதிருக்கக் கல்சியம் குளோரைட்டு கலப்பர்; நுவரெலியாப் பகுதியின் தைமாதப் பனிக்கு அது தேவைப்படுவதில்லை. பாரம் தாழ்வாக அமைவதால் சரிவில் வண்டி உறுதியாய் நிற்கும், கல்பாதையில் பிடிப்பும் கூடும். ஆழ்சேற்றிலோ அதே பாரம் வண்டியைப் புதைக்கும். இங்கும் அலவாங்கு சொன்ன விடையே முடிவு கூற வேண்டும்.

எவ்வளவு சிறந்த டயராயினும் அது செய்யாத வேலைகளும் உண்டு. ஏற்றத்தில் இழுக்க உதவும் டயர், இறக்கத்தில் பின்னாலுள்ள பாரப்பெட்டி தள்ளும்போது தனியே நின்று காக்க மாட்டாது. பெட்டிக்குத் தடை இல்லையேல், அல்லது பெட்டியின் டயர்கள் மொட்டையாயிருந்தால், முன்னாலுள்ள புதிய டயரின் விலை வீணே. பீலி வெட்டி நீரை ஒதுக்காத பாதையில் எந்த டயரும் நெடுநாள் உழையாது. டயரைத் தெரிந்தெடுப்பவர் ஒரு கண்ணை டயரிலும் மறு கண்ணைப் பாதையிலும் வைத்தல் வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு என்று ஒருவர் வினவக் கூடும். தோட்டத்து டிரக்டர் சுமப்பது கொழுந்து மட்டுமன்று. நள்ளிரவில் வலி கண்ட தாயையும் காய்ச்சலில் துவளும் பிள்ளையையும் லயத்திலிருந்து பெருந்தெருவுக்குக் கொண்டுசெல்ல வேறு வண்டி கிடைக்காத வேளைகள் மலைநாட்டில் உண்டு. பெட்டியில் ஆட்களை ஏற்றுதல் ஆபத்தானது. ஆயினும் அவ்வேளையில் வேறு வழி இருப்பதில்லை. கியூபெக்கிலே பனி மூடிய வீதி ஒரு தந்தைக்குக் கற்பித்த பாடம் இங்குள்ள சேற்றுப் பாதைக்கும் பொருந்தும். தேய்ந்த டயரை மாற்றும் செலவு தோட்டத்தின் கணக்கேட்டில் எழுதப்படுகிறது. மாற்றாமல் விட்டதன் செலவோ, பெட்டியில் படுத்திருப்பவரின் தலையில் விழுகிறது. அவரையும் நினைவிற் கொண்டு தெரிந்தெடுக்கும் டயரே சரியான டயர்.