ஸ்டோரேஜ் பூலை தவறுதலா அழிச்சிட்டீங்களா? டேட்டா எப்போ திரும்பும், எப்போ திரும்பாது?

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் மாதிரி ஊரில் ஒரு போட்டோ ஸ்டுடியோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஹார்ட் டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க் போல பயன்படுத்துகிறார்கள். இதுதான் 'ஸ்டோரேஜ் பூல்'. பத்து வருஷ கல்யாண ஆல்பம், காதுகுத்து வீடியோ எல்லாம் அதில்தான். விண்டோஸ் இன்ஸ்டால் பண்ணும்போது தப்பான டிஸ்க்கை தேர்வு செய்து 'ஓகே' கொடுத்துவிட்டால்?

உண்மையில் அழிந்தது எது?

பல நேரங்களில் போட்டோ அழிவதில்லை, அது எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் போகிறது. உதாரணமாக, இசட்.எஃப்.எஸ் முறையில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் பூல் பற்றிய குறிப்பு நான்கு பிரதிகளாக இருக்கும். இரண்டு டிஸ்க்கின் தொடக்கத்தில், இரண்டு கடைசியில். தொடக்கம் மட்டும் அழிந்திருந்தால் கடைசியில் இருப்பதை வைத்து மீட்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதே டிஸ்க்குகளில் புதுசா இன்னொரு பூல் உருவாக்கினால் நான்குமே போய்விடும். அப்புறம் நிபுணர்களுக்கே கஷ்டம்தான்.

ஓலைச்சுவடியில் கீறிய எழுத்தை அழித்து மேலே எழுத முடியாது. ஹார்ட் டிஸ்க்கில் அது நொடியில் முடியும், அதுதான் சிக்கலே. ஒரே ஒரு முறை மேலெழுதப்பட்ட இடத்தில் இருந்த பழைய டேட்டா திரும்பாது. "லேப்ல எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

பெரிய இடத்திலும் நடந்தது

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதிய ஸ்கிரிப்ட் பதிவானது. பழைய லாக் ஃபைல்களுக்குப் பதிலாக 77 டெராபைட் ஆராய்ச்சித் தரவு அழிந்தது. சுமார் 3.4 கோடி ஃபைல்கள்! பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களின் டேட்டாவை மீட்கவே முடியவில்லை.

உடனே என்ன செய்யணும்?

மெஷினை ஆஃப் பண்ணுங்க. ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். ரிப்பேர், ஃபார்மேட் என்று கேட்டால் 'நோ'. மீட்பு சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் பண்ணவே கூடாது. முதலில் ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே நகல் எடுத்து, நகலில்தான் வேலை பார்க்கணும். இதற்கு அதே அளவு காலி டிஸ்க்குகள் வேண்டும், செலவுதான், வேறு வழியில்லை.

எஸ்.எஸ்.டி என்றால் இன்னும் அவசரம். அழித்த இடத்தை அது 'டிரிம்' என்ற வசதி மூலம் தானாகவே காலி செய்துவிடும்.

கடையில் கொடுக்கும் முன், எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று எண் எழுதி ஒட்டிடுங்க.